கோலும் கோடும்: ஒரு விதி பற்றிய மறுநோக்கு

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரின் மானமும் கழகத்தின் பெயரும் அதனோடு பிணைந்துள்ளன. சந்தாங்கேணி மைதானத்திலாயினும் கடற்கரை மணலிலாயினும் பெரும் பிணக்குக்கு வித்தாகும் வினா ஒன்றே: பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா? இத்தகைய வேளைகளில் நடுவரின் கண்ணைக் குறைகூறுதல் வழக்கம். அக்கண்ணுக்கு விதி இடும் பணி எத்தகையது என்பது ஆராயப்படுவதில்லை.

கம்பங்களுக்கிடையே, குறுக்குக் கம்பத்தின் கீழாக, பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகக் கடந்தாலன்றிக் கோலாகாது என்பதே விதி. பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். எனவே நிலத்தில் உருளும் பந்தின் அடி, கோட்டின் பின்விளிம்பை ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் கடந்த பின்னரே பந்து முழுவதும் கோட்டை விட்டு நீங்குகின்றது. பந்து நிலத்தைத் தொட்ட இடத்தைக் கண்டு ஆரவாரிக்கும் பார்வையாளரும், அதனை மறுக்கும் நடுவரும் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டு நோக்குகின்றனர்.

ஏனைய ஆட்டங்கள் கோட்டை வேறுவிதமாகக் கொள்கின்றன. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் வீரர் கைவசமுள்ள பந்தின் சிறு பகுதி கோட்டின் மேலெழும் கற்பனைத் தளத்தைத் தொட்டாலே டச்டவுன் ஆகும். றக்பியில் கோட்டின் மீதே பந்தை அழுத்தினாலும் புள்ளி உண்டு. அவ்விரண்டிலும் கோடு தாக்குவோர்க்கு உரியது. நம் ஆட்டத்தில் காப்போர்க்கு உரியது. ஆகவே இவ்விதி இயற்கை நியதியன்று. மனிதர் செய்துகொண்ட உடன்பாடே.

அவ்வாறாயின் கோட்டைத் தொட்டாலே கோல் என மாற்றலாகாதா? மாற்றலாம்; ஆயின் பிணக்கு கோட்டின் பின்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு இடம்பெயருமேயன்றி ஒழியாது. மாறாக, இன்றைய விதியில் ஒரு நியாயம் மறைந்துள்ளது: நிரூபிக்கும் பொறுப்பு கோல் கோருவோரைச் சார்ந்தது. மடியில் அகப்பட்ட மீனும் கரையேறும்வரை கைக்கு வந்ததாகாது என்பதைக் கரைவலை இழுக்கும் ஊர்கள் அறியும்.

1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழுந்தபோது, எல்லைக்கோட்டு நடுவரின் சொற்கேட்டுக் கோல் வழங்கப்பட்டது. அது இன்றுவரை விவாதத்துக்குரியதாயிருப்பதற்குக் காரணம், ஐயத்துக்கிடமான இடத்தில் கோல் வழங்கப்பட்டமையே. மறுபுறம், 2010 இல் புளூம்பொன்ரெயினில் இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு வெகுவாக அப்பால் விழுந்தும் கோல் மறுக்கப்பட்டது. 2012 இல் டொனெட்ஸ்க்கில் கோட்டருகே மேலதிக நடுவர் நின்றிருந்தும் உக்ரேன் வீரரின் பந்து கடந்தமை காணப்படவில்லை. அடுத்த மாதமே கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2014 உலகக் கிண்ணத்தில் அவை பயன்பட்டன.

இதனால் விதி ஒன்றாயிருக்க, அதனைக் காணும் கண் இரண்டாயிற்று. செல்வம் மிக்க அரங்கில் மில்லிமீற்றரும் அளக்கப்படுகின்றது. கரையோர மைதானத்திலோ, ஆட்டத்தைப் பின்தொடர்ந்து ஓடும் நடுவர் தொலைவிலிருந்தே தீர்ப்புரைக்க வேண்டியுள்ளது. கருவி எட்டாத இடத்தில் செய்யத்தக்கவை இரண்டு. ஒவ்வொரு கோல் கோட்டின் நேரேயும் ஒருவரை நிறுத்துதல் ஒன்று. அவரும் தவறக்கூடுமாதலின், தெளிவாகக் காணப்படாதது கோலாகாது என்பதைச் சுற்றுப்போட்டி விதிகளில் வெளிப்படையாக எழுதிவைத்தல் மற்றொன்று. ஆட்டத்துக்கு முன்னரே இரு கழகங்களும் இதனை ஏற்றுக்கொள்ளுமாயின், தோற்றவர் நடுவரைப் பகைக்கக் காரணமிராது.