நரம்பு வலைகளும் வலையமைப்புக் காவலும்: ஒரு விமர்சன நோக்கு

ஓர் ஆய்வின் தகுதியை அது தரும் எண்ணைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் விமர்சனமாகாது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதே முதலில் வினவற்பாலது. கணினி வலையமைப்புகளினுள் நுழையும் தீய போக்குவரத்தைச் செயற்கை நரம்பு வலைகள் கொண்டு இனங்காணலாம் எனக் கூறும் ஆய்வுகளுக்கு இவ்வினா பெரிதும் பொருந்தும். 99 சதவீதத் துல்லியம் என்பது அவற்றுட் பலவற்றின் முடிபாக அமைகின்றது. அம்முடிபு நடைமுறைக்கும் பொருந்துவதாயின் வலையமைப்புக் காவல் என்னும் பிரச்சினை என்றோ தீர்ந்திருத்தல் வேண்டும். அது தீரவில்லை.

ஒரு கணினித் தொகுதியின் வழமையான நடத்தையைப் புள்ளிவிபர முறையிற் பதிவு செய்து, அதிலிருந்து விலகுவதை ஐயுறலாம் என்னும் கருத்தை 1987 இல் டொரதி டென்னிங் ஒரு மாதிரியாக வகுத்தளித்தார். அக்கருத்தை நிறைவேற்றும் கருவிகளுள் ஒன்றாகவே நரம்பு வலை இத்துறையிற் புகுந்தது. இங்கு விதிகளை மனிதர் எழுதுவதில்லை. ‘நல்லது’, ‘தீயது’ எனப் பெயரிடப்பட்ட எடுத்துக்காட்டுகள் வலைக்குக் காட்டப்படுகின்றன. பிழை குறையும் வரை அதன் இணைப்புகளின் நிறைகள் திருத்தப்படுகின்றன. முன்னறியாத தாக்குதலையும் அது காணக்கூடும் என்பதே இம்முறையின் கவர்ச்சி. ஆயின் இரு வகையையும் பிரிக்க உதவும் எந்த வேறுபாட்டையும் வலை பற்றிக்கொள்ளும். அவ்வேறுபாடு தாக்குதலின் இயல்பா, எடுத்துக்காட்டுகளைத் தயாரித்தவரின் தற்செயலா என்பதை அது அறியாது. எனவே தரவின் தரமே ஆய்வின் தரமாகின்றது.

இத்துறையில் நெடுங்காலம் பொது அளவுகோலாக விளங்கிய தரவின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 1998 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆய்வு முகவரகத்தின் ஆதரவுடன், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் லிங்கன் ஆய்வுகூடம் ஒரு வான்படைத் தளத்தின் வலையமைப்பைப் போலச் செயற்கையான போக்குவரத்தை உருவாக்கியது. அதிலிருந்து 1999 ஆம் ஆண்டுப் போட்டியொன்றுக்காக ‘கேடிடி’ தரவுத்தொகுதி ஆக்கப்பட்டது. அதன் பயிற்சிப் பகுதியில் ஏறத்தாழ 49 இலட்சம் பதிவுகள் உள. ஒவ்வொன்றும் 41 பண்புகளால் விவரிக்கப்படுகின்றது. உண்மையான நிறுவனங்களின் போக்குவரத்தில் தனிமனிதரின் அந்தரங்கம் கலந்திருத்தலால் அதனை வெளியிடுதல் அரிது. அந்நிலையில் எல்லார்க்கும் எளிதிற் கிட்டிய தரவு பெருவழக்குப் பெற்றமை வியப்பன்று.

அதன் குறைகள் விரைவிலேயே எடுத்துக்காட்டப்பட்டன. செயற்கைப் போக்குவரத்து உண்மையானதை ஒத்தது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என 2000 இல் ஜோன் மக்ஹியூ கண்டித்தார். அதே ஆய்வுகூடத்தின் 1999 ஆம் ஆண்டுத் தரவை 2003 இல் ஆராய்ந்த மஹோனியும் சானும் மேலும் தெளிவானதொரு குறையைக் கண்டனர். ஒவ்வொரு பொதியும் ஓர் எண்ணைச் சுமந்து செல்லும். வழிப்படுத்தி ஒன்றைக் கடக்குந்தோறும் அது ஒன்றாற் குறையும். 126, 253 என்னும் பெறுமானங்கள் தாக்குதற் பொதிகளில் மட்டுமே காணப்பட்டன. ஏனைய போக்குவரத்திற் பெரும்பாலும் 127 உம் 254 உம் இருந்தன. இத்தகைய தரவிற் பயின்ற வலை கற்பது ஆய்வுகூடத்தின் கம்பி அமைப்பையேயன்றித் தாக்குதலை அன்று.

2009 இல் தவல்லாயியும் சகாக்களும் ‘கேடிடி’ தரவை ஆராய்ந்தபோது, பயிற்சிப் பகுதியில் ஏறத்தாழ 78 சதவீதமும் சோதனைப் பகுதியில் 75 சதவீதமும் ஒரே பதிவின் மறுபடிகளாக இருந்தன. அவர்கள் பயிற்றிய 21 கருவிகளும் பயிற்சிப் பதிவுகளில் ஏறத்தாழ 98 சதவீதத்தையும், சோதனைப் பதிவுகளில் 86 சதவீதத்தையும் ஒருங்கே சரியாக வகைப்படுத்தின. எந்தக் கருவியும் வெல்லக்கூடிய சோதனையில் வென்றமை நரம்பு வலையின் சிறப்பைக் காட்டாது.

இதனினும் ஆழமான குறை விகிதம் பற்றியது. அப்பயிற்சித் தரவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தாக்குதலே. நடைமுறையிலோ தாக்குதல் மிக அரிது. இவ்வேறுபாட்டின் விளைவை ஸ்ரெபான் அக்செல்சன் 1999 இல் விளக்கினார். ஒரு நாளில் 10 இலட்சம் இணைப்புகள் நிகழ்கின்றன எனவும், அவற்றுள் 20 தீயவை எனவும் கொள்வோமாயின், 99 சதவீதத் திறனுடைய கருவி அவ்விருபதையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் நல்ல இணைப்புகளில் ஒரு சதவீதத்தை அது தவறாக ஐயுறுமாயின் ஏறத்தாழ 10,000 பொய் எச்சரிக்கைகள் எழும். அதாவது ஏறத்தாழ 500 எச்சரிக்கைகளுள் ஒன்றே மெய். அவற்றைப் பார்வையிடும் ஊழியர் சில நாளிற் பார்ப்பதையே கைவிடுவார். தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவியாயின் நாள்தோறும் பல்லாயிரம் முறை குற்றமற்றோரின் பணி தடைப்படும்.

இக்கண்டனங்கள் பழைய தரவுக்கு மட்டும் உரியனவல்ல. கனடாவில் உருவாக்கப்பட்ட 2017 ஆம் ஆண்டுத் தரவுத்தொகுதி ஒன்றிலும் பெயரிடலிற் பிழைகள் இருந்தமை 2021 இல் காட்டப்பட்டது. பொறிக்கற்றலைக் கணினிப் பாதுகாப்பிற் பயன்படுத்திய 30 கட்டுரைகளை ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவை ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று முறையியற் குறைகளைக் கண்டது.

இதனால் நரம்பு வலையை முற்றாக ஒதுக்குதல் பொருந்தாது. பொறிக்கற்றல் புதியதைக் கண்டுபிடிப்பதிலும், முன்பு கண்டதை ஒத்ததை இனங்காண்பதிலேயே வல்லது எனச் சொமரும் பக்சனும் 2010 இற் சுட்டினர். தீய நிரல்கள் இயந்திரமுறையில் ஆக்கும் இணையப் பெயர்களை இனங்காணல் போன்ற குறுகிய வினாவில், நம்பத்தகுந்த எடுத்துக்காட்டுகள் ஏராளமாகக் கிடைப்பதால், நரம்பு வலைகள் நற்பயன் தந்துள்ளன. வினா தெளிவாயின் கருவியும் பயன்படும்.

ஆகவே, இறுதியாண்டு ஆய்வுக்கு இத்துறையைத் தெரிவு செய்யும் மாணவர் துல்லியத்தின் சதவீதத்தைக் கூறி அமைதல் போதாது. தரவு எங்கு, எப்பொழுது பெறப்பட்டது, ஒரு நாளில் எத்தனை பொய் எச்சரிக்கைகள் எழும், அவற்றை யார் பார்ப்பார், எளிய முறையொன்று இதே பயனைத் தராதா, எந்தப் பண்பைக் கொண்டு வலை முடிவு செய்தது என்னும் வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். இவ்விடைகள் 99 என்னும் எண்ணைக் குறைக்கவுங்கூடும். அவ்வாறு குறைந்த எண்ணே காவலுக்கு உதவும்.