லிட்டர் கணக்கில் மறையும் நட்டம்

இந்தோனேசியாவின் பி40 திட்டத்தைப் புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 முதல் அங்கே டீசலில் 40 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த இலக்கு பி50. லாரிகளின் மைலேஜ் பற்றிக் கேட்டால், “சொல்லும்படியான வித்தியாசம் இல்லை” என்று ஆதரவாளர்கள் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாது.

திட்டத்தால் நன்மைகள் உண்டு. டீசல் இறக்குமதி குறைகிறது, புகைக்கரியும் குறைகிறது. கந்தகம் நீக்கிய டீசல் இழக்கும் வழவழப்பைப் பயோடீசல் ஈடுசெய்கிறது. பச்சை எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றினால் நாசில் கரிபிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். மெத்தனால் சேர்த்துப் பக்குவப்படுத்திய பயோடீசலில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பாமாயில் தோட்டங்களுக்கான காட்டழிப்பைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது.

பேசப்படாதது எரிபொருள் கணக்கு. பெட்ரோல் பங்கில் விற்பது லிட்டர். லாரியை இழுப்பது வெப்பம். பயோடீசலின் எடையில் சுமார் 11 விழுக்காடு ஆக்சிஜன். அது வெப்பம் தராது. அதனால் லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் டீசலைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு ஆற்றல் குறைவு. 40 விழுக்காடு கலந்தால் இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டும்.

பயோடீசலின் சீட்டேன் எண் அதிகம், அது இந்த இழப்பைச் சரிக்கட்டும் என்கிறார்கள். சீட்டேன் எண் எரிபொருள் எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைத்தான் சொல்லும். அதில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதைச் சொல்லாது. லோடு, ஏற்றம், டயர் காற்று, ஓட்டும் விதம் ஆகியவற்றால் மைலேஜ் இந்த இழப்பைவிட அதிகமாக மாறும் என்பது இன்னொரு வாதம். மாறும்தான். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் இழப்பைக் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, இல்லாமல் ஆக்கவில்லை. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடினால் 20,000 லிட்டர் டீசல் வேண்டும். பி40 அடித்தால் இன்னும் 600 லிட்டருக்கு மேல் வேண்டும். வாடகை அதற்காக உயர்வதில்லை.

இறக்குமதி மிச்சமும் இதே பிழையால்தான் பெரிதாகத் தெரிகிறது. 40 லிட்டர் பயோடீசல் செய்யும் வேலையை 37 லிட்டர் டீசலே செய்துவிடும். அதை 40 லிட்டர் மிச்சம் என்று எழுதுவது தவறான கணக்கு.

இதில் அநீதியும் இருக்கிறது. பயோடீசலின் கூடுதல் விலையை ஈடுகட்டப் பாமாயில் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வரும் மானியம் 2025 முதல் பொதுச்சேவைப் பிரிவு டீசலுக்கு மட்டும்தான். கலிமந்தான் நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் லாரிகளின் உரிமையாளர்களுக்கு அது கிடையாது. கூடுதல் விலையும் அவர்கள் தலையில், குறைந்த மைலேஜும் அவர்கள் தலையில்.

பரிகாரம் எளிது. கலப்பு எரிபொருளை அதிலுள்ள ஆற்றலுக்கு ஏற்ப விலை வைத்து விற்க வேண்டும். இழப்பின் அளவைப் பங்கிலேயே எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பி50-க்குப் போவது லாரிக்காரரிடம் ரசீது கொடுக்காமல் வரி வாங்குவதுதான். அந்த வரி அப்போது 4 விழுக்காடாக உயர்ந்திருக்கும்.