நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள்: வின்டர்தூர், பொன்மலை – ஒரு ஒப்பீடு

மேட்டுப்பாளையத்தையும் உதகமண்டலத்தையும் இணைக்கும் 46 கி.மீ. நீளமுள்ள நீலகிரி மலை ரயில் பாதை, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்பாதையின் அடையாளம் எக்ஸ் வகை நீராவி எஞ்சின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்த எஸ்.எல்.எம். நிறுவனம் இவற்றை 1914 முதல் 1952 வரை பல தொகுதிகளாகத் தயாரித்தது. 2011 முதல் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை இதே வகையில் நான்கு புதிய எஞ்சின்களைச் செய்து அளித்தது. 'பழையதே அசல், புதியது நகல்' என்னும் கருத்து ரயில் ஆர்வலர் பலரிடம் உண்டு. அது சரிதானா என்பதே கேள்வி.

ஒற்றுமை

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் உயர்கிறது. இந்த ஏற்றத்தில் சக்கரத்தின் பிடிப்பு மட்டும் போதாது. எனவே தண்டவாளங்களின் நடுவே பல் தண்டவாளம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினில் இரண்டு இணை சிலிண்டர்கள் உள்ளன. உயர் அழுத்த நீராவி முதலில் ஓர் இணையில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்றோர் இணைக்குச் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பாதை சமமான இடத்தில் முதல் இணை மட்டுமே வேலை செய்யும். இந்த நுட்பம் இரு தலைமுறை எஞ்சின்களிலும் ஒன்றே.

வேற்றுமை

வின்டர்தூர் எஞ்சின்கள் நிலக்கரிக்கெனச் செய்யப்பட்டவை. 2011க்குப் பிந்தைய நான்கும் எண்ணெயில் எரிபவை. நிலக்கரியில் தீயைச் சீராக வைத்திருப்பது பயர்மேனின் கைத்திறன். கரியின் தரம் குறைந்தால் நீராவி அழுத்தம் இறங்கி ரயில் நடுவழியில் நிற்க நேரும். எண்ணெயில் தீயைத் திருகி ஏற்றவும் இறக்கவும் முடியும். கோடையில் காய்ந்து கிடக்கும் கல்லாறு காட்டில் தீப்பொறி விழும் அபாயமும் குறைவு. ஆயினும் தலைமுறைகளாகக் கைமாறிய பயர்மேன் கலைக்கு இதில் இடமில்லை.

மதிப்பீடு

பாரம்பரியம் என்பது இரும்பின் வயதா, இயங்கும் முறையா? இரும்பின் வயதே அளவுகோல் என்றால், உதிரிபாகம் தேய்ந்த நாளில் எஞ்சினைக் காட்சிக்கூடத்தில் நிறுத்த வேண்டியதுதான். முறையே அளவுகோல் என்றால், வெளிநாட்டில் பிறந்த ஒரு நுட்பத்தைத் தன் கையால் மீண்டும் செய்துகாட்டிய பொன்மலைத் தொழிலாளரும் பாரம்பரியத்தின் காவலரே. 2021இல் அதே பணிமனை நிலக்கரியில் இயங்கும் புதிய எக்ஸ் எஞ்சினையும் வெளிக்கொணர்ந்தது. புதிதாகப் பிறப்பது எண்ணெய் எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அன்றாடச் சேவைக்கும் காட்டின் பாதுகாப்புக்கும் எண்ணெய் எஞ்சினே ஏற்றது. கைத்திறன் அழியாமல் இருக்கச் சில நிலக்கரி எஞ்சின்களும் ஓட வேண்டும். ஆனால் பொன்மலை எஞ்சினை நகல் என்று ஒதுக்குவது பொருந்தாது. அது இல்லையேல், அசல் என்று போற்றப்படுபவையே முழுச் சுமையையும் தாங்கி விரைவில் தேய்ந்து போயிருக்கும்.