18 சதவீதத்தின் கணக்கு: சென்னை ஆய்வும் ஒரு மாடி அறையும்

'வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவு' என்ற வரியை ஐடியில் இருப்பவர்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான் ஒரு டவுன்ஹால் மீட்டிங்கில், ஸ்லைடில் பார்த்தேன். ஆதாரம் என்று கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அடுத்த ஸ்லைடு, வாரத்துக்கு எத்தனை நாள் ஸ்வைப் பண்ண வேண்டும் என்பது.

அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் அரியலூரில் இருக்கும் சித்தப்பா பொண்ணு அதே எண்ணோடு வந்தாள். அவள் வேறு கம்பெனி, டெஸ்டிங் வேலை, ஏழு வருஷமாக ஒரே பில்லிங் சிஸ்டம். 2020 மார்ச்சில் ஊருக்கு வந்தவள் இன்றுவரை அங்கிருந்தே வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிஃப்ட். ரெண்டு பிள்ளைகள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் சரியில்லை. இனி வாரத்துக்கு அஞ்சு நாளும் சென்னை ஆபீஸ் என்று மெயில் வந்திருக்கிறது, கூடவே இந்த எண்ணும்.

"அண்ணே, அந்த 18 பர்சென்ட் உண்மையா? நீங்கதான் இந்த மாதிரி பேப்பரெல்லாம் படிப்பீங்களே."

படித்தேன். படித்ததில் தோன்றியதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு ஆச்சரியம். இந்த எண் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, நம்ம சென்னையிலிருந்து வந்தது. டேவிட் அட்கின், ஆன்ட்வனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வறிக்கை, 2023-ல் அமெரிக்காவின் என்பிஇஆர் வெளியீடாக வந்தது. முதல் இருவரும் எம்ஐடி பேராசிரியர்கள். டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வீட்டுக்கும் பாதிப் பேரை ஆபீஸுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதில்தான் வீட்டில் இருந்தவர்கள் 18 சதவீதம் பின்தங்கினார்கள்.

ஆய்வு நல்ல ஆய்வு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குலுக்கல் என்பது சின்ன விஷயம் இல்லை. சாதாரணமாக வீட்டில் இருப்பவரையும் ஆபீஸ் வருபவரையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் யார் எங்கே இருப்பது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆசியாவின் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணினிப் பதிவுகளை வைத்து கிப்ஸ், மெங்கல், சீம்ராத் எழுதிய இன்னொரு பேப்பர் இருக்கிறது. உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்தது என்று அதிலும் வருகிறது. ஆனால் அந்தத் தரவு 2019 ஏப்ரலிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை. அதாவது வீட்டுக் காலம் முழுக்க லாக்டவுன் காலம். பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் மடியில் உட்கார்ந்திருந்த மாதங்கள். அதில் வீட்டு வேலையை அளந்தார்களா, ஊரடங்கை அளந்தார்களா? சென்னை ஆய்வில் அந்தக் கோளாறு இல்லை.

என் குறை ஆய்வின் மேல் இல்லை. அதிலிருந்து ஒரு எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து வந்தவர்கள் மேல்தான். அதே ஆய்வின் சுருக்கத்திலேயே, 18-க்கு அடுத்த வரிகளில், இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒரு நிமிஷம்கூட ஆகாது படிக்க.

ஒன்று, அந்த 18-ல் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே வந்துவிட்டது. மீதி மட்டும்தான் ஆபீஸில் இருப்பவர்கள் நாளடைவில் வேகமாகக் கற்றுக்கொள்வதால் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கூட்டு முயற்சி, கலாச்சாரம், காபி மெஷின் பக்கத்தில் தற்செயலாகப் பிறக்கும் யோசனை என்றெல்லாம் ஆபீஸைப் பற்றிச் சொல்கிறோமே, அவை எதுவும் முதல் நாள் காலையில் வேலை செய்யாது. பக்கத்து சீட்டுக்காரர் பெயரே தெரிந்திருக்காது. முதல் நாளே வித்தியாசம் தெரிகிறது என்றால் அது மேசை, நாற்காலி, விட்டுப்போகாத கரண்ட், "கொஞ்சம் கேஸ் வந்திருக்கான் பாரு" என்று யாரும் கூப்பிடாத நாலு மணி நேரம். மேற்பார்வை என்பார்கள். இருக்கலாம், யாரோ பார்க்கிறார்கள் என்பதும் முதல் நாளே வேலை செய்யும். ஆனால் இவை எதற்கும் சிறுசேரி தேவையில்லை. தோராயக் கணக்கில் 18-ல் 12 இடத்துக்கு, 6 ஆட்களுக்கு. நாம் 'ஆபீஸ்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். வீட்டு வேலையை விரும்பியவர்கள்தான் தொடக்கத்தில் 12 சதவீதம் வேகமானவர்கள், தவறும் குறைவு. சோம்பேறிகள்தான் வீட்டில் இருக்கக் கேட்பார்கள் என்று நினைக்கும் மேனேஜருக்கு இது இடிக்கும்.

மூன்றாவது எங்கள் கட்சிக்கு இடிக்கும். அப்படி வீட்டை விரும்பியவர்கள்தான் வீட்டில் அதிகமாகப் பின்தங்கினார்கள், 27 சதவீதம். ஆபீஸை விரும்பியவர்கள் வீட்டில் இழந்தது 13 சதவீதம்தான்.

ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆபீஸை விரும்புபவர் ஆபீஸில் 100 என்றால் வீட்டில் 87. வீட்டை விரும்புபவர் ஆபீஸில் 112, வீட்டில் சுமார் 82. தங்கச்சியிடம் இதை மறைக்க முடியாது. அவள் ஆசைப்படும் இடத்தில்தான் அவள் வேலை அதிகம் அடிவாங்குகிறது என்றல்லவா அர்த்தம்!

ஏன் அப்படி? ஆய்வாளர்கள் ஓரளவுக்குக் காரணமும் சொல்கிறார்கள். குழந்தைகளையோ வீட்டில் வேறு யாரையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், ஏழைக் குடும்பத்தவர்கள் போன்றவர்களுக்கு ஆபீஸைத் தேர்ந்தெடுக்கத் தடைகள் அதிகம். எந்தக் காரணத்தால் அவர்கள் வீட்டைக் கேட்கிறார்களோ அதே காரணம்தான் வீட்டில் அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது. 'விருப்பம்' என்ற சொல்லே இங்கே தப்பு என்பேன். மாமியாருக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லாததால் வீட்டில் இருப்பதை விருப்பம் என்று எந்தப் படிவத்தில் டிக் அடிப்பது?

இதோடு 2015-ல் வெளிவந்த ஷாங்காய் ஆய்வை வைத்துப் பார்க்க வேண்டும். நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் செய்தது. அங்கே வீட்டில் இருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். சென்னையில் மைனஸ் 18, ஷாங்காயில் பிளஸ் 13. எது சரி என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஷாங்காயில் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். தானாக முன்வந்தவர்கள், ஆறு மாத அனுபவம், பிராட்பேண்ட், வேலை நேரத்தில் தனக்கென்று ஒரு தனி அறை. அதோடு வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ். சோதனை முடிந்து எங்கே வேண்டுமோ இருங்கள் என்றதும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாறிக்கொண்டார்கள், அதன் பிறகு லாபம் 22 சதவீதம் வரை போனது. நாடு வேறு, வேலை வேறு, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தத் தனி அறை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சரி, இதில் எங்கள் ஊர் எங்கே வருகிறது? சென்னை ஆய்வில் ஆபீஸ் என்றால் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் இடம். பெரம்பலூர், அரியலூர்க்காரனுக்கு அது 270 கிலோமீட்டர். பெரம்பலூர் டவுனுக்கு இன்றும் ரயில் கிடையாது. ஞாயிறு ராத்திரி நாலு ரோட்டில் நின்று திருச்சியிலிருந்து வரும் வண்டியில் இடம் இருக்கிறதா என்று கை காட்டுவோம். விடியுமுன் கிளாம்பாக்கம். அங்கிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு வழியாக ஓஎம்ஆர். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்ததில் எங்களை மாதிரி தெற்கிலிருந்து வந்து சிறுசேரி பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் லாபம் (மற்றவர்கள் திட்டியது வேறு கதை). திங்கட்கிழமை நான் எழுதிய கோடை செவ்வாய்க்கிழமை நானே திருத்துவேன். அந்தத் தூக்கக் கலக்கத்தை எந்த ஆய்வும் ஆபீஸ் பக்கக் கணக்கில் கழிக்கவில்லை, சென்னைக்குள் நடந்த ஆய்வில் கழிக்கவும் வழியில்லை. தங்கச்சிக்கு அதுகூடக் கிடையாது. அவளுக்குத் தேர்வு வீடா ஆபீஸா என்பது இல்லை, வேலையா வீடா என்பது.

இங்கேதான் அந்த ஸ்லைடின் கணக்கு உடைகிறது. 82-ஐ வெளியே விட்டு 100-ஐ உள்ளே எடுத்தால் லாபம் என்று தோன்றும். டேட்டா என்ட்ரியில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஏழு வருஷம் ஒரே பில்லிங் சிஸ்டத்தைப் பார்த்தவள், வரி விகிதம் மாறினால் எந்த மூலையில் உடையும் என்பதை டாக்குமென்ட் பார்க்காமல் சொல்லுவாள். புதுசாக வருகிறவர் முதல் நாள் 100 இல்லை, பத்துகூட இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை எழுத்து என்று அளக்க முடிகிற வேலையில் கிடைத்த எண்ணை அப்படி அளக்க முடியாத வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது ஆய்வாளர்கள் இல்லை, ஸ்லைடு போட்டவர்கள்.

2021-ல் பெரம்பலூரில் நாங்கள் நாலு பேர், நாலு வேற கம்பெனி, துறைமங்கலம் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் அறை பிடித்தோம். வாடகை தலைக்கு ஆயிரத்து ஐநூறு. ஒரு இன்வெர்ட்டர், இரண்டு ஃபைபர் லைன். வீட்டில் இருந்தபோது ராத்திரி பதினொரு மணி வரை இழுத்த வேலை ஆறரைக்கு முடிந்தது. நாலு பேரை வைத்து ஆய்வு எழுத முடியாது, தெரியும். ஆனால் அந்த 12-க்கும் 6-க்கும் நடுவில் கோடு போட்டுப் படிக்க அந்த மாடிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 12 எங்களுக்குத் துறைமங்கலத்திலேயே கிடைத்தது.

அந்த 6 கிடைக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் என் டீமில் சேர்ந்த மூன்று பசங்களுக்கு நான் ஒழுங்காக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தேகம் கேட்க ஒரு மீட்டிங் போட வேண்டும் என்றால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். அதில் ஒருவன் மூன்று நாள் முட்டிக்கொண்டிருந்த பிழையை, நேரில் பார்த்த அன்று பத்து நிமிஷத்தில் முடித்தோம். புதியவர்கள் ஆபீஸ் வரட்டும், அவர்களுக்குச் சொல்லித்தர நாங்களும் மாதத்தில் சில நாள் வருகிறோம் என்றால் எனக்கு மறுப்பே கிடையாது. எல்லாருக்கும் அஞ்சு நாள் என்பதை அந்த 6 நியாயப்படுத்தாது.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். 2020-ல் டிசிஎஸ் '25/25' என்று அறிவித்தது நினைவிருக்கும்: 2025-க்குள் எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும், ஒருவர் தன் நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அங்கே செலவிட வேண்டாம் என்று. 2023 அக்டோபரில் அஞ்சு நாளும் வரச் சொன்னார்கள், 2024-ல் வேரியபிள் பே வருகையோடு கட்டப்பட்டது. நடுவில் புதிய ஆய்வு எதையும் பார்த்து மனம் மாறியதாகத் தெரியவில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலக் கட்டடங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு வீட்டு வேலை என்பதே அரசு அனுமதியோடு நடக்கும் விஷயம், 2022 ஜூலையில்தான் அதற்கென்று 43ஏ என்ற விதி வந்தது, அதுவும் பாதி ஊழியர்கள், ஒரு வருஷம் என்ற வரம்போடு. கட்டடம், வரிச்சலுகை, குத்தகை எல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஸ்லைடில் வருவது மட்டும் 18 சதவீதம்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "வீட்டுல இருந்து பண்றேன்னு கேக்காத, வீட்டுக்கு வெளிய ஒரு டேபிள் கேளு" என்றேன். அவள் மேனேஜருக்கு எழுதியிருக்கிறாள்: மாதத்தில் அஞ்சு நாள் சென்னை, மற்ற நாள் அரியலூரில் அவள் செலவிலேயே ஒரு அறை, கேமராகூட ஓடட்டும். அறையும் பார்த்துவிட்டாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டியூஷன் சென்டர் காலையில் சும்மா கிடக்கிறதாம். மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஒரு அம்மாவைப் பேசியிருக்கிறாள்.

மேனேஜர் ஹெச்ஆருக்கு அனுப்பியிருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. டியூஷன் சென்டர்காரர் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா என்று நேற்று போன் பண்ணினாள்.