பேத்தை மீனும் பெயர்ப் பட்டியலும்

மலாய்க்காரர் இக்கான் புந்தால் என்றும், தமிழ்நாட்டு மீனவர் பேத்தை என்றும் வழங்கும் மீனினத்தைச் சேர்ந்ததே ஜப்பானியரின் பூகு. நஞ்சுடையதாயினும், அந்நாட்டில் கடற்கூண்டுகளில் வளர்த்து நல்ல விலைக்கு விற்கப்படுவது. உயிரின் மரபுச் செய்தியை நான்கே எழுத்துகளால் ஆன நூல் எனக் கொண்டால், பூகுவின் நூல் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகளே உடையது. மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்கு. இச்சுருக்கம் கருதியே சிட்னி பிரென்னர் 1993இல் இம்மீனை ஆராய்ச்சிக்கு முன்மொழிந்தார். 2002இல் சிங்கப்பூர் ஆய்வாளரும் பங்குகொண்ட பன்னாட்டுக் குழு அந்நூலின் முதல் வரைவை வெளியிட்டது.

இதில் அறிஞரை மிகவும் ஈர்த்தது ஹாக்ஸ் எனும் மரபணுக் குடும்பம். கருவளர்ச்சியின்போது தலை முதல் வால் வரை எவ்விடத்தில் எவ்வுறுப்பு அமைய வேண்டும் என்பதை வகுப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. மனிதனுக்கு இவை 4 தொகுதிகளில் 39 உள்ளன. எலும்பு மீன்களின் முன்னோரில் மரபுநூல் முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. தொகுதிகள் எட்டாயின; பின் ஒன்று அழிய, பூகுவிலும் சீப்ரா மீனிலும் ஏழு எஞ்சின. பூகு இழந்தது சி தொகுதியின் ஒரு படியை. சீப்ரா மீன் இழந்தது டி தொகுதியின் ஒரு படியை.

இம்முடிவுகள் கணினியின் பெருந்துணையால் கிட்டியவை. அறிந்த மரபணு ஒன்றின் எழுத்து வரிசையை அளவுகோலாகக் கொண்டு, அதனை ஒத்த வரிசைகளைக் கணினி தேடித் தருகிறது; ஒப்புமை மிகுந்தால் அதே பெயரைச் சூட்டுகிறது. இம்முறை பாராட்டத்தக்கதே. ஆயினும் அதன் வரம்பு எதுவென ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, ஒப்புமை வழி தவறலாம். 1997இல் பூகுவில் நான்கு தொகுதிகள் அறிவிக்கப்பட்டன. நான்காவதனை டி எனக் கொண்டனர். பின்னர் சீப்ரா மீனோடு ஒப்பிட்டபோது, அது ஏ தொகுதியின் இரண்டாம் படியே எனத் தெளிந்தது. உண்மையான டி தொகுதிகள் பிறகே அகப்பட்டன.

இரண்டாவது, காணாமை இன்மையாகாது. 2002இன் வரைவு துண்டு துண்டானது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் ஒரு செய்யுள் இல்லையெனின், புலவர் அதனைப் பாடவில்லை என்று துணிவார் உண்டோ? மீனின் நூலுக்கும் அந்நெறியே பொருந்தும். அழிந்ததாகக் கருதிய சீப்ரா மீனின் தொகுதியிலும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. எஞ்சியிருப்பது 2006இல் அறியப்பட்டது.

மூன்றாவது குறையே பெரிது. பூகுவுக்கு இடுப்புத் துடுப்பு இல்லை. ஹாக்ஸ் மரபணுக்கள் சில அழிந்ததும் உண்மை. இரண்டையும் முடிச்சிட்டு, 'மரபணு போயிற்று, துடுப்பும் போயிற்று' என்று கூறிவிடத் தோன்றும். ஆனால் 2005இல் வந்த ஆய்வு, அத்துடுப்பின் இழப்பை மரபணு ஒன்றின் அழிவோடு இணைக்கவில்லை. டி9 என்னும் ஹாக்ஸ் மரபணு கருவில் தொழிற்படும் இடம் மாறியதோடு இணைத்தது. சொல் நூலில் இருக்கிறது; வழங்கும் இடமே மாறிற்று. இதனைப் பட்டியல் காட்டாது. கருவையே நோக்கினால்தான் தெரியும். 2021இல் ஜப்பானிய ஆய்வாளர் சீப்ரா மீனின் ஏழு தொகுதிகளையும் தனித்தனியே நீக்கி விளைவு கண்டது இக்காரணம் பற்றியே.

ஆகவே, கணினி தரும் பட்டியல் ஆராய்ச்சியின் வாயில், வீடு அன்று. பெடாஸ் தோட்டத்துச் சிறுவன் ஒருவன், 'இம்மரபணு இல்லை, ஆகையால் இவ்வுறுப்பு இல்லை' என்று விடைத்தாளில் எழுதினால், முழு மதிப்பெண் இடுமுன் ஆசிரியர் ஒரு வினா எழுப்புதல் நன்று: 'கண்டாயா, எண்ணினாயா?' எண்ணியதைக் கண்டதாகக் கொள்ளும் பழக்கம் இளமையில் படிந்துவிட்டால், பின்னர் அதனைக் களைவது அரிது.