குடும்ப விளக்கும் தோட்டத்து லயமும்

பாவேந்தர் பாரதிதாசன் இயற்றிய ‘குடும்ப விளக்கு’ 1942ஆம் ஆண்டில் முதற்பகுதியாக வெளிவந்து, 1950இல் ஐந்து பகுதிகளாக நிறைவெய்திய நூல். சீர்திருத்தத் திருமண மேடைகளில் அதனை எடுத்துப் பேசாத சொற்பொழிவாளர் அரியர். அந்நூலை வாழ்த்துவோர் பலர்; ஆராய்வோர் சிலர். பாரிட் புந்தார் வட்டாரத்துத் தோட்ட வாழ்வை உரைகல்லாகக் கொண்டு அதனை உரைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

முதற்பகுதி ஓர் இல்லத்தின் ஒரு நாளைப் பாடுகின்றது. தங்கம் என்னும் தலைவி கருக்கலில் எழுகின்றாள், கோலமிடுகின்றாள், பிள்ளைகளை நீராட்டி, உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்புகின்றாள், மாமன் மாமியரைப் பேணுகின்றாள், கிழிந்த ஆடைகளைத் தைக்கின்றாள், கணவனின் கடைக்கும் சென்று வாணிகத்தைக் கவனிக்கின்றாள். இரவில் படுக்கும் முன், வீட்டுக்காகவே உழைத்தோமே, தமிழர்க்கு என்ன செய்தோம் என்னும் எண்ணமும் அவ்வீட்டில் எழுகின்றது.

இதன் அருமையை உணர முன்னோர் செய்யுளையும் நோக்குதல் வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைமையின் அழகையெல்லாம் பாடினர். ஆயின் அக்குழந்தை பெரும்பாலும் தெய்வமாகவோ தலைவனாகவோ இருந்தது. புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு மகவைக் கண்டு மகிழ்ந்தான். அம்மகவைக் கழுவித் துடைத்தவள் யாரென்று அவன் கூறினானில்லை. அந்தக் கையைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் பாரதிதாசன். அதற்காகத் தமிழுலகம் அவருக்கு என்றும் கடமைப்பட்டது.

1944இல் அவர் ‘இருண்ட வீடு’ என்னும் நூலையும் வெளியிட்டார். அவ்வீட்டுத் தலைவி பொழுது விடிந்து நெடுநேரம் சென்றபின் எழுகின்றாள். பிள்ளைகள் பேணுவாரின்றிச் சீரழிகின்றனர். முடிவில் குடும்பமே கெடுகின்றது. கல்வியில்லா வீடு இருளும், கல்வியுள்ள வீடு ஒளிரும் என்பதே இரு நூல்களின் கருத்து. பெண்கல்விக்காக வாதாட வேண்டியிருந்த அக்காலத்தில் இது துணிந்து கூறிய உண்மையே. ஆயினும் நாம் அறிந்த மூன்றாவது வீடு ஒன்றுண்டு. அஃது இவ்விரண்டிலும் அடங்காது.

அந்த வீடு பால்மரத் தோட்டத்து லயம். அதன் தலைவி தங்கத்திற்கும் முன்னே எழுந்தவள். கோலமிட எழுந்தாளல்லள், இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க எழுந்தாள். உறங்கும் மகவைத் துணியிற் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளியும் கத்தியுமாக நிரைக்குச் சென்றாள். 1928இல் மலாயாவின் பல வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. 1930இல், ரப்பர் விலை வீழ்ந்தபோது, அவையும் முறையே 40, 32 என்று குறைந்தன. கணவன் கூலியால் மட்டும் பிள்ளைகளின் வயிறு நிறையாது. அவ்வாறிருக்க அவன் கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக் கள்ளுக்கடைக்குச் சென்ற வீடுகளைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. இவ்வீட்டில் பிள்ளையின் தலை வாரப்படவில்லை எனின், அதற்குத் தாயின் சோம்பலைக் காரணமாகக் கூற ஒண்ணுமோ? கல்வியின்மை ஒரு காரணம். கூலியும் பெரட்டும் வேறிரு காரணங்கள். பாவேந்தர் முதற்காரணத்தை நன்கு கண்டார். மற்றவை அவர் பாடிய கடைக்காரர் வீட்டில் இல்லை.

இனி, அவ்வீட்டு விளக்கை ஏந்தியவர் யார்? பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது வயதுடைய மூத்த பெண். தம்பியை இடுப்பிற் சுமந்தவளும், கஞ்சி ஆற்றிக் கொடுத்தவளும், ஏணையை ஆட்டியவளும் அவளே. 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்திலே பள்ளி வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, தம்பி சென்றான், அக்காள் வீட்டில் நின்றாள். தங்கத்தின் நாளைப் பாடிய கவிதை நமக்குண்டு. அந்தச் சிறுமியின் நாளைப் பாடியது எது? ஒரு வீட்டின் விளக்கு மற்றொருத்தியின் பள்ளிப்பருவத்தை எண்ணெயாகக் கொண்டு எரிந்தது என்பதை நம் எழுத்தாளர் இன்னும் நிறைவாக எழுதவில்லை என்பது நமது எண்ணம்.

நூலின் உள்ளேயே இதற்கு ஒரு மருந்தும் உண்டு. இரண்டாம் பகுதியில், சமையலும் வீட்டு வேலையும் பெண்டிர்க்கே உரியன என்பது சரியன்று, ஆடவரும் அவற்றைத் தம் பணியாக எண்ணும் நாள் வரவேண்டும் என்று கவிஞர் தெளிவாகக் கூறுகின்றார். மேடையில் நம்மவர் தங்கத்தின் பொறுமையை அரை மணி நேரம் புகழ்வர். இப்பகுதியையோ விரைந்து கடந்துவிடுவர். நாமும் அக்குற்றத்திற்கு உட்பட்டவரே. முதற்பகுதியை ஒருநாள் இரவு நம் வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்த நம் துணைவியார் முழுவதும் கேட்டபின், “எல்லாம் சரிங்க, இந்தத் தங்கம் எத்தனை மணிக்குத்தான் படுத்தாள்?” என்றார். நமக்கு விடை தோன்றவில்லை. நூலை மூடிவைத்துத் தேய்ப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டோம்.

இன்று பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு வழிவிட்டன. லயத்துக் குடும்பங்கள் பல பட்டணத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பெரட்டுக்கு நின்ற தாயின் பேத்தி, விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கின்றாள். ஆயாக் கொட்டகையின் இடத்தில் அண்டை வீட்டு அம்மாளோ, பாட்டியோ பிள்ளையை வாங்கிக்கொள்கின்றார். ஆகையால் இவ்வாராய்ச்சி பழங்கதையன்று.

‘குடும்ப விளக்கு’ நம் இல்லந்தோறும் இருக்கவேண்டிய நூல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதனை மணமகளின் கையில் மட்டும் கொடுப்பது போதாது; மணமகனும் படித்தல் வேண்டும், சிறப்பாக அந்த இரண்டாம் பகுதியை. விளக்கு ஒன்றாயினும் அதனைத் தூண்டும் கைகள் இரண்டாகட்டும். மூத்த பெண்ணின் கையில் புத்தகம் இருக்கட்டும்.