கட்டடத்துக்குக் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது

பலரும் தரும் கொடைகளை ஒரே முதலாகத் திரட்டி, அதன் வருவாயை உள்ளூர்த் தொண்டமைப்புகளுக்குப் பகிரும் பொறுப்பை ஊராரைக் கொண்ட குழுவொன்றிடம் விடுகிற சமூக நிதியம் என்னும் ஏற்பாட்டை, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர வங்கியாளர் பிரெடரிக் கோஃப் 1914இல் தொடங்கிவைத்தார். இலங்கையின் யாழ்ப்பாணத்து நல்லூரிலும் அதையடுத்த திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஊர்களிலும் இப்பணியைப் பெரும்பாலும் செய்துவருபவை பழைய மாணவர் சங்கங்களின் வெளிநாட்டுக் கிளைகளும் புலம்பெயர்ந்தோரின் ஊர் ஒன்றியங்களும் கோயில்களுமே. பெறுபவையோ வாசிகசாலையும் முன்பள்ளியும் நடத்தும் சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள், சிறுவர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள்.

இம்முறையின் பலம் அறிமுகம். கொடுப்பவருக்கு நிலையத்தின் செயலாளரையும் அவருடைய தகப்பனாரையும் தெரியும் என்பதால், நீண்ட விண்ணப்பமின்றிப் பணம் விரைவில் வந்துசேர்கிறது. கணக்கில் பிசகு நேர்ந்தால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும் என்ற அச்சமே பல இடங்களில் கணக்காய்வாளரின் வேலையைச் செய்கிறது. 2022இல் ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, வெளிநாட்டு நாணயத்தில் வந்த கொடை ரூபாய்க் கணக்கில் பெருகி, விலையேற்றத்தின் ஒரு பகுதியையாவது தாங்க உதவியது.

ஆயினும் கொடை எதற்கென்று கொடுப்பவரே தீர்மானிப்பதால், அது பெயர் பொறிக்கத்தக்க பொருள்களையே நாடுகிறது. மண்டபம், நுழைவாயில் வளைவு, துவிச்சக்கரவண்டி, பதாகைக்கு முன்னே நின்று படமெடுத்துக் கையளிக்கும் கற்றல் உபகரணப் பொதி ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. புதிதாய் வர்ணம் பூசிய முன்பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியைக்கு மாதக் கொடுப்பனவு தர முன்வருவோர் அரிது. திவசத்துக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் இல்லங்களில் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் மின்கட்டணத்துக்கென்று எவருடைய திவசமும் வருவதில்லை.

இக்குறையை உணர்ந்தோர் நினைவு நிதியை நிலையான வைப்பாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் நிபந்தனையோடு, வங்கியில் இடுகின்றனர். ஆண்டுதோறும் உதவித்தொகை தடையின்றிக் கிடைக்கும் என்ற அந்த நம்பிக்கையை, உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 95 சதவீதத்தை நெருங்கிய 2022ஆம் ஆண்டு குலைத்துவிட்டது. அப்போது 20 சதவீதத்தைத் தாண்டிய வைப்பு வட்டியும் 2024இல் பத்துக்குக் கீழே இறங்க, முதலின் வாங்குசக்தியும் வருவாயும் ஒருங்கே சுருங்கின. நிபந்தனை எழுதியவர் காலமாகியிருந்தால் அதை மாற்றவும் ஆளில்லை. கொடையாளர் மறைந்த பின்னும் அவர் விதித்த நிபந்தனை பணத்தைக் கட்டிவைப்பதைத் தளர்த்துவதே கோஃபின் முதன்மை நோக்கம். காலங்கடந்துபோன பயனைக் குழு மாற்றிக்கொள்ள அவர் இடம்வைத்தார். அவருடைய ஏற்பாட்டில் நல்லூர் எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த அதிகாரமே.

அதைக் கையாளும் குழுவில் எவர் இருப்பர் என்பதில்தான் சிக்கல். வாசிகசாலைகளே குறிச்சிவாரியாகவும் சில இடங்களில் சாதிவாரியாகவும் பிரிந்துகிடக்கையில், பெரிய கல்லூரிகளின் பழைய மாணவரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிறைந்த குழு ஊர்ப் பொதுவாகிவிடாது. வெளிநாடு செல்ல வசதியற்ற குடும்பங்கள் வாழும் குறிச்சிக்கு வெளிநாட்டுக் கிளை இல்லை, ஆகவே கொடையும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவேண்டிய அரச பணமும், குறிப்பாக 1974இல் தொடங்கி, நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைப்படி செல்லும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும், கணக்காய்வுக்கு உட்பட்டது என்ற மேன்மை உடையதாயினும், டிசெம்பர் 31க்குள் செலவாகவேண்டியிருப்பதால் கதிரையாகவும் ஒலிபெருக்கியாகவும் முடிந்துபோகிறது.

ஒன்றியங்கள் தத்தம் கொடையில் ஒரு பங்கையேனும் கிளையற்ற குறிச்சிகளுக்கான பொதுமுதலில் சேர்த்து, நடைமுறைச் செலவுக்கென மூன்றாண்டுகளுக்குத் தொடர்ந்து அளிப்பது இயலாததன்று; ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் திட்ட முன்மொழிவு கேட்டால், எழுதத் தெரிந்த செயலாளரைக் கொண்ட நிலையமே மறுபடியும் முந்திக்கொள்ளும். தமிழில் ஒரு பக்கக் கடிதமும், குழுவினர் ஒருவர் நேரில் சென்று முன்பள்ளியின் வரவுப் பதிவேட்டையும் கட்டண நிலுவையையும் பார்ப்பதும் போதும்.